நோட்டின் யாத்திரை

காரைக்கால் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மக்களுக்கு ஒரு மாங்கனியின் ஞாபகம் வருகிறது. வணிகன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். பசித்து வந்த அடியார் ஒருவருக்கு அவற்றுள் ஒன்றை இட்டுவிட்டார் அவன் மனைவி புனிதவதியார். நண்பகலில் உண்ண வந்த கணவன் எஞ்சியதைச் சுவைத்துவிட்டு மற்றதையும் கேட்டான். அம்மையார் இறைவனை நினைந்து நிற்க, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாயிருக்கக் கண்ட வணிகன், அது எங்கே கிடைத்தது என்று வினவினான். நடந்ததை அவர் உரைத்தும் அவன் நம்பாமல், இன்னுமொன்று வருவித்துக் காட்டும்படி சொன்னான். அவ்வாறு வந்த கனி அவன் கையில் பட்டதும் மறைந்தது. இச்சரித்திரத்தில் பக்தர்கள் கண்டு உருகும் பொருளைப் பேசுவது இன்று நமது நோக்கமன்று. வியாபாரம் மலிந்த ஒரு கடற்கரைப் பட்டினத்திலே, கைக்கு வந்த பண்டத்தைப் பார்த்து இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கேள்வி எவ்வளவு பழமையானது என்பதைச் சுட்டவே இதனைச் சொன்னோம்.

அதே கேள்வியைப் பல தேசங்களில் பலர் இன்று கறன்ஸி நோட்டைப் பார்த்துக் கேட்டு வருகிறார்கள். தம் கைக்கு வந்த நோட்டு எந்த ஊரிலிருந்து வந்தது, தம் கையைவிட்டுப் போனபின் எவ்வூர் சென்று சேர்ந்தது என்று பின்தொடர்ந்து குறித்துவைப்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கேட்ட மாத்திரத்தில் இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இரு சர்க்கார்களின் நோட்டுகளை ஒரே மடியில் முடிந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காரைக்கால் போன்ற பிரதேசத்தை மனத்தில் வைத்து யோசித்தால், இவ்விளையாட்டில் தேச மக்களுக்கு உபயோகமான பாடங்கள் இருப்பது புலப்படும்.

பிற தேசத்து வழக்கம்

அமெரிக்காவில் 1998-ஆம் வருஷத்தின் இறுதியில் ஹாங்க் எஸ்கின் என்பவர் இணையத்தில் ஒரு பதிவேட்டைத் திறந்தார். 'ஜார்ஜ் எங்கே?' என்பது அதன் பெயர். ஒரு டாலர் நோட்டில் ஜார்ஜ் வாஷிங்டனுடைய முகம் இருப்பதே பெயருக்குக் காரணம். இதில் ஈடுபட்டவர் தம்மிடம் வந்த நோட்டின் எண்ணையும் தாம் இருக்கும் ஊரையும் அதில் பதிந்துவிட்டு, நோட்டை வழக்கம்போல் செலவழித்துவிடுகிறார். சில வாரங்களோ சில வருஷங்களோ கழித்து வேறோர் ஊரில் வேறொருவர் அதே எண்ணைப் பதிந்தால், முன்பு பதிந்தவருக்குச் செய்தி வருகிறது. நோட்டு இத்தனை நாளில் இத்தனை தூரம் போயிற்று என்று இருவரும் அறிந்துகொள்கிறார்கள். பதியப்பட்ட நோட்டுகளுள் பெரும்பாலானவற்றைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தையும் கிடைப்பதில்லை. கிடைக்கும் சிலவற்றுக்காகவே பொறுமையுடன் காத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் யூரோ நோட்டுகள் 2002-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி புழக்கத்துக்கு வந்தன. அதே வருஷத்தில் அங்கும் இத்தகைய பதிவேடு தோன்றியது. அங்கே இந்த ஆராய்ச்சிக்கு ஓர் அனுகூலம் இருந்தது. முதல் வரிசை யூரோ நோட்டுகளில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்து, எந்த நாட்டின் மத்திய பாங்குக்காக அந்த நோட்டு அச்சிடப்பட்டது என்பதைக் காட்டும். 'யு' என்றால் பிரான்ஸ்; 'எக்ஸ்' என்றால் ஜெர்மனி; 'எஸ்' என்றால் இத்தாலி. ஆகவே ரோமாபுரியில் காப்பி குடித்துவிட்டுச் சில்லறை வாங்கியவர், தம் கையிலிருப்பது பிரான்ஸிலிருந்து வந்த நோட்டு என்று நின்ற இடத்திலேயே சொல்லலாம்.

இவ்விஷயம் காரைக்காலுக்கு அந்நியமானதன்று. பிரெஞ்சுப் பிரஜையாக நீடிக்கும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. பிரெஞ்சுப் படையிலும் உத்தியோகங்களிலும் இருந்தவர்களின் வீடுகளுக்குக் கடல் கடந்து பென்ஷன் வந்த வரலாற்றை ஊரார் அறிவர். விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டுவரும் யூரோ நோட்டில் 'யு' என்ற எழுத்தைக் காணும் காரைக்கால்வாசிக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

பாதி நோட்டு

நோட்டின் எண்ணைக் குறித்துவைத்துப் பின்தொடர்வது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். நமது தேசத்தில் காகித நாணயம் சர்க்கார் வசமான காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. 1861-ஆம் வருஷத்துக் காகித நாணயச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையைத் தனிப்பட்ட பாங்குகளிடமிருந்து எடுத்து இந்திய சர்க்காருக்கு அளித்தது. அக்காலத்தில் பெருந்தொகையை வெளியூருக்கு அனுப்ப வேண்டிய வியாபாரி வழிப்பறிக்கும் தபால் திருட்டுக்கும் அஞ்சி, நோட்டை இரண்டாக வெட்டினான். ஒரு பாதியைத் தபாலில் அனுப்பினான். அது வந்து சேர்ந்தது என்று மறுதபால் வந்தபிறகே மற்றப் பாதியை அனுப்பினான். பெற்றுக்கொண்டவன் எண்ணை ஒத்துப்பார்த்து இரண்டையும் ஒட்டி மாற்றிக்கொண்டான். பாதி நோட்டு வழியில் களவு போனால் திருடனுக்கும் லாபமில்லை. எண்ணை எழுதிவைத்து நோட்டின் வரவுக்காகக் காத்திருந்த அந்த வியாபாரியைத்தான் இன்றைய பதிவேட்டுக்காரர்களுக்கு முன்னோனாகக் கொள்ளவேண்டும்.

மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஆரம்பத்தில் இந்திய நோட்டு தேசம் முழுவதும் செல்லுபடியாகவில்லை. தேசத்தைச் சில வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். எந்த வட்டத்தில் நோட்டு வெளியானதோ அந்த வட்டத்துக்குள்ளேதான் அது சட்டப்படி செல்லும். சென்னை வட்டத்தின்கீழ்த் திருச்சிராப்பள்ளி, கள்ளிக்கோட்டை, விசாகப்பட்டினம் என்ற உபவட்டங்களும் இருந்தன. அவ்வூர்களின் பெயர் நோட்டிலேயே அச்சாயிற்று. பிறகு 1903-ல் ஐந்து ரூபாய் நோட்டு, பர்மா நீங்கலாக, எங்கும் செல்லும் என்று ஆயிற்று. 1910, 1911 வருஷங்களில் பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளுக்கும் வட்டம் நீங்கியது. நெல்லும் துணியும் யாத்திரிகரும் கூலியாட்களும் ரயிலேறித் தேசமெங்கும் திரிந்துகொண்டிருக்க, காகிதம் மட்டும் வட்டத்துக்குள் அடைந்துகிடக்குமா? ஜனங்களின் நடமாட்டமே முந்தியது. சட்டம் அதன் பின்னால் மெல்ல வந்து சேர்ந்தது என்று கொள்வதே பொருந்தும்.

ஒரு மடியில் இரண்டு காகிதம்

காரைக்கால் கரையைப்போல் பல நாணயங்களைக் கண்ட கரைகள் அதிகமில்லை. வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் இருந்தார்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் இருந்தார்கள். இடையே காரைக்காலைத் தஞ்சை மன்னரிடமிருந்து 1739-ல் பிரெஞ்சுக்காரர் பெற்றார்கள். இவற்றைச் சூழ்ந்திருந்த தஞ்சைச் சீமை பின்பு இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. இரண்டு நாள் நடந்தால் மூன்று ஐரோப்பியக் கம்பெனிகளின் காசுகளை எண்ணிப் பார்க்கவேண்டிய நிலை அன்று வியாபாரிக்கு இருந்தது. வராகன், பணம், துட்டு, காசு என்று எதை நீட்டினாலும் மதிப்புச் சொல்லும் ஷராப்புகள் கடைத்தெருவில் அமர்ந்திருந்தார்கள். துட்டு என்ற சொல்லே டச்சுக்காரரின் நாணயப் பெயரிலிருந்து வந்ததென்று சொல்வோரும் உண்டு.

காகித யுகம் வந்தபோது இந்தக் கலப்பு வேறு உருவம் கொண்டது. 1875-ல் பாரிஸில் இந்தோசீனா பாங்கு ஸ்தாபிக்கப்பட்டது. கொச்சின்சீனாவிலும் புதுச்சேரியிலும் நோட்டு வெளியிடும் தனியுரிமை அதற்கு வழங்கப்பட்டது. சைகோனில் பியாஸ்தர் நோட்டுகளை வெளியிட்ட அதே பாங்கு, புதுச்சேரியின் பெயர் பொறித்து ரூபாய் நோட்டுகளையும் வெளியிட்டது. அந்த ரூபாயின் மதிப்பு பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் மதிப்பே. ஆகவே வியாபாரத்துக்காகச் சைகோன் போய்வந்த காரைக்கால் வர்த்தகர் இரு கரைகளிலும் ஒரே பாங்கின் பெயரைக் கண்டார். தமது ஊரிலிருந்து சில மைல் மேற்கே நெல் வாங்கப் போனால் அவர் கைக்கு வந்ததோ இங்கிலீஷ் ராஜாவின் தலை பொறித்த நோட்டு.

முதல் உலக யுத்தத்தில் வெள்ளி கிடைப்பது அரிதாயிற்று. பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் 1917-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு பிரெஞ்சிந்தியாவிலும் ஒரு ரூபாய் நோட்டு தோன்றியது. 1937-ல் அங்கே ஐந்து ரூபாய் நோட்டும் வந்தது. எல்லைக்கு இருபுறமும் குடியானவன் வெள்ளி ரூபாயைச் சுண்டிப்பார்த்து வாங்கிய பழக்கத்தை விட்டு, ஒலியில்லாத காகிதத்தை நம்பப் பழகிக்கொண்டான்.

பிரெஞ்சிந்திய நோட்டுகளுள் பார்வைக்கு அழகானது ஐம்பது ரூபாய் நோட்டு. அதில் துய்ப்ளே கவர்னரின் உருவம் இருந்தது. இந்தியாவில் பிரெஞ்சு சாம்ராஜ்யம் கட்ட நினைத்த அந்த மனிதரை 1754-ல் பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. கம்பெனிக்காகத் தாம் செலவிட்ட சொந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டுக் கேட்டு, கிடைக்காமலே 1763-ல் அவர் வறுமையில் இறந்தார். தமக்கு வரவேண்டிய பணத்தைப் பெறாத ஒருவரின் முகத்தையே பணம் கொடுப்பதாக வாக்களிக்கும் காகிதத்தில் பொறித்தார்கள்! துய்ப்ளே கப்பலேறிச் சரியாக 200 வருஷங்கள் கழிந்தபின், 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, காரைக்காலும் புதுச்சேரியும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. அவர் முகம் பொறித்த நோட்டுகளின் யாத்திரையும் அத்துடன் முடிந்தது. இன்று அவை சேகரிப்பவர்களின் பெட்டியிலே உறங்குகின்றன.

கோடு போட்டவர்களும் தாண்டியவர்களும்

இதிலிருந்து நாம் அறிவது யாது? காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர் உள்ள சிறு பிரதேசம். அதன் எல்லையை வகுத்தவர்கள் வயலையோ வாய்க்காலையோ உறவையோ கவனித்தவர்கள் அல்லர். பெண் கொடுத்தவர் அப்பால், எடுத்தவர் இப்பால். நிலம் ஒரு சர்க்காரில், களத்துமேடு மற்றொரு சர்க்காரில். 1941-ல் இரு சர்க்கார்களும் சுங்க உடன்படிக்கை செய்துகொண்டபோது எல்லைச் சுங்கத்தின் தொல்லை குறைந்தது. 1949-ல் அது முடிவுற்றதும் எல்லையில் சாவடிகள் முளைத்தன. கள்ளக் கடத்தலும் பெருகிற்று. அரசியல் விடுதலைக்கு ஜனங்கள் பாடுபட்ட வரலாற்றை நமது வாசகர்கள் நன்கு அறிவார்கள். 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தார்கள். அந்த வாக்குச் சீட்டுக்கு வெகுகாலம் முன்பே, நாள்தோறும் கடைத்தெருவில் இரு நோட்டுகளையும் சரிசமமாக வாங்கிக் கொடுத்த மக்கள், இந்தக் கோடு தங்களுடையதன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நோட்டு போகும் வழியே மனிதர் போகும் வழி என்பதை விஞ்ஞானிகளும் கண்டிருக்கிறார்கள். டிர்க் ப்ரொக்மான், லார்ஸ் ஹுஃப்னாகல், தியோ கைஸல் ஆகிய மூவரும் மேலே குறித்த அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து 4,64,670 நோட்டுகளின் யாத்திரைகளை எடுத்து ஆராய்ந்து, 2006-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் 'நேச்சர்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். நோட்டுகள் பெரும்பாலும் சொந்த ஊரைச் சுற்றியே வெகுநாள் திரிகின்றன. இடையிடையே சில நோட்டுகள் ஒரே தாவலில் தேசத்தின் மறுகோடிக்குப் போய்விடுகின்றன. சிறு நடையும் நெடுந்தாவலும் கலந்த இந்தப் போக்கு ஒரு கணித விதிக்கு அடங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அவர்கள் தேடியது பணத்தின் ரகசியமன்று, தொற்றுநோயின் வழி. மனிதர்கள் எங்கே எப்படிப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் நோய் எப்படிப் பரவும் என்று கணக்கிடலாம். ஆனால் கோடிக்கணக்கான மனிதரைப் பின்தொடர்வது எங்ஙனம்? அவர்கள் மடியிலிருந்த காகிதத்தின் வழியை ஜனங்களே விளையாட்டாக எழுதிவைத்திருந்தது ஆராய்ச்சிக்கு உதவியது.

2020-ஆம் வருஷத்துக் கொரோனாக் காலத்தில் இந்தியாவெங்கும் மாகாண எல்லைகள் அடைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. நாற்புறமும் கடலும் தமிழ்நாடுமே சூழ்ந்த காரைக்காலுக்கு அதன் சங்கடம் எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. புதுச்சேரி நிர்வாகத்தைச் சேர்ந்த ஊரானாலும், புதுச்சேரிக்குப் போகத் தமிழ்நாட்டைத் தாண்டியே ஆகவேண்டும். நோய்த் தடுப்புக்கு எல்லைக்கோடு வேண்டியதுதான். ஆனால் கோட்டை எங்கே போடுவது என்று நிச்சயிப்பவர்கள், ஜனங்கள் உண்மையில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் போய்வருகிறார்கள் என்று முதலில் அறிந்திருக்க வேண்டாமா? பழைய கவர்னர்கள் வரைந்த கோடு அதற்குப் பதில் சொல்லாது. பத்து ரூபாய் நோட்டு சொல்லும்.

சனிக்கிழமை நோட்டு

காரைக்காலில் இந்தச் சோதனையைச் செய்வதற்குப் பல அனுகூலங்கள் இருக்கின்றன. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அங்கே சுமார் 2 லக்ஷம் பேர் இருந்தார்கள். இச்சிறு பிரதேசத்துக்குத் திருநள்ளாற்றுச் சனீசுவர பகவானைத் தரிசிக்கச் சனிக்கிழமைதோறும் பல ஜில்லாக்களிலிருந்தும் பல மாகாணங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். சனிப்பெயர்ச்சிக் காலத்திலோ கூட்டத்துக்கு அளவில்லை. அவர்களுடைய நோட்டு நள தீர்த்தக் கரையில் எள்ளும் எண்ணெயும் விற்பவரிடம் போகிறது. அங்கிருந்து மளிகைக் கடைக்குப் போகிறது. மளிகைக் கடையிலிருந்து கும்பகோணத்து மொத்த வியாபாரிக்குப் போகலாம். நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்கள் காரைக்கால் வழியாகவே போய்வருவதும் உண்டு. மீன்பிடிக்கும் படகுகளின் வரவு ஒருபுறம்; வரி வித்தியாசத்தை உத்தேசித்து எல்லைக்கு அப்பாலிருந்து சாமான் வாங்க வருவோர் ஒருபுறம். அறுவடைக் காலத்தில் கூலிக்காகச் சிறு நோட்டுகளின் தேவை எப்படி ஏறுகிறது என்பதைத் தஞ்சைச் சீமையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெரிய நோட்டு பெட்டியிலும் பாங்கிலும் தங்கி இளைப்பாறும். உழைப்பாளியோடு வியர்வையில் நனைந்து ஓயாமல் நடப்பது பத்து ரூபாய் நோட்டே. ஆகவே சாமானிய ஜனங்களின் வழியை அறிய விரும்புவோர் அதையே பின்பற்றுதல் நலம்.

செய்முறையில் சில நுட்பங்கள் உண்டு. இந்திய நோட்டில் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டால் போதாது. ஒரே எண் வேறு வருஷத்து நோட்டிலும், வேறு உள்ளெழுத்துள்ள நோட்டிலும் வரலாம். ஆகவே மதிப்பு, முன்னெழுத்துடன் கூடிய எண், எண்ணின் பின்னே மங்கலாகத் தெரியும் உள்ளெழுத்து, கையொப்பமிட்ட கவர்னரின் பெயர், பின்புறத்தின் அடியில் அச்சிட்டுள்ள வருஷம் ஆகிய ஐந்தையும் குறிக்கவேண்டும். வருஷம் அச்சிடும் வழக்கம் 2005 முதல் உண்டு. எண்ணின் நடுவே நட்சத்திரம் இருந்தால், அச்சில் பழுதான ஒரு நோட்டுக்குப் பதிலாக வந்த நோட்டு அது என்று அறிக.

எக்காரணம் கொண்டும் நோட்டின்மேல் எழுதலாகாது. அமெரிக்காவில் பலர் பதிவேட்டின் பெயரை நோட்டிலேயே முத்திரையிடுகிறார்கள். அவ்வழக்கத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. எழுதிய நோட்டு செல்லாது என்று அவ்வப்போது பரவும் வதந்தி பொய்யே. ஆனால் எழுதவேண்டாம் என்று ரிசர்வ் பாங்கு கேட்டுக்கொண்டிருப்பது மெய். அரசியல் அல்லது மதப் பிரசார வாசகம் எழுதப்பட்ட நோட்டுக்குப் பணம் மறுக்க 2009-ஆம் வருஷத்து விதிகளில் இடமிருக்கிறது. கட்சிப் பணியில் உற்சாகமுள்ள இளைஞர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். கோஷம் எழுதிய நோட்டால் நஷ்டமடையப்போவது சர்க்காரல்ல. அதைக் கடைசியாகக் கையில் வைத்திருக்கும் ஏழையே.

ஆட்சேபங்கள்

இது வேலையற்றவர் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். எண்களில் 786-ஐயும் தம் பிறந்த தேதியையும் தேடிச் சேர்ப்பவர்கள் நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுடைய ஆசை நோட்டைப் பெட்டியில் நிறுத்திவிடுகிறது. வழியைத் தேடுபவரின் ஆசையோ நோட்டை நடக்கவிடுகிறது. நாணயம் நடக்கப் பிறந்தது. நின்றால் அது காகிதம்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. நோட்டைப் பின்தொடரப் பழகிய சமூகம் நாளடைவில் மனிதனைப் பின்தொடர்வதற்கும் இடங்கொடுத்துவிடாதா என்பதே அது. இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லவேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்ததின் சாரமும் அதுவே.

ரூபாய் நோட்டில், அதைக் கொண்டுவருபவருக்குப் பணம் தருவதாக ரிசர்வ் பாங்குக் கவர்னர் வாக்களிக்கிறார். கொண்டுவருபவர் யார்? பெயரில்லை, ஜாதியில்லை, ஊரில்லை, கட்சியில்லை. எவராயினும் அவருக்கு அந்த வாக்கு செல்லும். பதினைந்து பாஷைகள் வரிசையாய் நிற்கும் பட்டியில் தமிழிலும் அதன் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. பெயர் கேட்காத இந்த மரியாதை காகித நாணயத்தின் பெரிய குணம். சர்க்காருக்குப் பிடிக்காத பத்திரிகைக்குச் சந்தா கட்டுபவனும், வேலைநிறுத்த நிதிக்கு எட்டணா கொடுத்த பழைய தொழிலாளியும் இந்தக் குணத்தின் நிழலில் நின்றவர்களே.

2016-ஆம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கவேண்டும். அப்போது புழக்கத்திலிருந்த அந்நோட்டுகளின் மதிப்பு 15.41 லக்ஷம் கோடி ரூபாய். கறுப்புப் பணமாகப் பதுக்கப்பட்ட நோட்டுகளில் பெரும்பகுதி திரும்பாது என்று பலர் எண்ணினார்கள். திரும்பி வந்ததோ 15.31 லக்ஷம் கோடி, அதாவது நூற்றுக்கு 99.3 பங்கு என்று ரிசர்வ் பாங்கே 2018-ல் வெளியிட்டது. எத்தனை நோட்டு அச்சிட்டோம் என்பது ஆட்சியாளருக்குத் தெரியும். அது எவ்வழி நடந்து எக்கையில் தங்குகிறது என்பது தெரியாது என்பதையே அது காட்டிற்று. தெரியாமலே செய்த காரியத்தின் சுமையைப் பாங்கு வாசலில் வரிசையில் நின்ற ஜனங்கள் சுமந்தார்கள்.

அதே 2016-ல்தான் கைப்பேசி மூலம் பணம் செலுத்தும் யூ.பி.ஐ. முறையும் தொடங்கியது. இன்று காரைக்கால் பாரதியார் வீதியில் மட்டுமன்றி, மீன் சந்தையிலும் இளநீர் வண்டியிலும் அதன் கட்டக்குறி தொங்குகிறது. அதனால் விளைந்த சௌகரியத்தை நாம் மறுக்கவில்லை. சில்லறைத் தகராறு ஒழிந்ததே பெரிய லாபம். ஆனால் அதில் நடக்கும் ஒவ்வொரு செலவும் இன்னார் இன்னாருக்கு இந்நேரத்தில் கொடுத்தது என்று எழுதப்பட்டுவிடுகிறது. 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ரிசர்வ் பாங்கு சில்லறைப் புழக்கத்துக்கும் மின் ரூபாயைப் பரீக்ஷார்த்தமாக வெளியிட்டது. அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி ஏகமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அந்த உரிமை காகித நோட்டில் தானாகவே காப்பாற்றப்பட்டு வந்தது. புதிய முறைகளில் அதை நாம் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.

இங்கேதான் நோட்டுப் பதிவேட்டுக்காரர்கள் நமக்கு வழிகாட்டுகிறார்கள். அவர்கள் எழுதுவது நோட்டின் எண், ஊர், நாள், இவ்வளவே. யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று அவர்கள் கேட்பதில்லை. எழுதுவதும் அவரவர் இஷ்டம், வற்புறுத்துவார் எவருமில்லை. அப்படி மனமுவந்து எழுதிய துண்டுச் செய்திகளைக் கொண்டே ஒரு பெருந்தேசத்தின் நடமாட்டத்தை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஒரு மனிதனுடைய பெயரும் அதற்குத் தேவைப்படவில்லை. பொது நன்மைக்காக ஜனங்களின் போக்கை அறியவேண்டுமானால் ஒவ்வொருவர் பையிலும் கைவிட்டுப் பார்த்தே தீரவேண்டும் என்று வாதிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுமா?

செய்யத்தக்கது

ஆகவே காரைக்காலிலுள்ள கலாசாலை மாணவர்களும் வாசகசாலைகளும் இம்முயற்சியை மேற்கொள்ளலாமென்று யோசனை கூறுகிறோம். செலவு அதிகமில்லை. நோட்டைத் தொடர ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நெடுங்காட்டில் ஒன்று, கோட்டுச்சேரியில் ஒன்று, திருநள்ளாற்றில் ஒன்று, நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் ஒவ்வொன்று. எல்லைக்கு அப்பால் தரங்கம்பாடி, நாகூர், பேரளம் நண்பர்களிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் தத்தம் கைக்கு வந்த பத்து ரூபாய் நோட்டுகளின் ஐந்து அடையாளங்களையும் எழுதட்டும். மாதத்துக்கு ஒருமுறை கூடி ஒத்துப்பார்க்கட்டும். பெயர் எழுதக்கூடாதென்பது முதல் விதியாக இருக்கட்டும். ஓராண்டில் பத்து நோட்டுகளே இரண்டாம் முறை தென்பட்டாலும் நஷ்டமில்லை. தம் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள உறவை எந்தச் சர்க்கார்க் கணக்கையும் எதிர்பாராமல் தாமே அளந்தறிந்த திருப்தி அவர்களுக்கு உண்டாகும். அரசியல் ஊழியர்களுக்கும் இதில் படிப்பினையுண்டு. பஸ் வேண்டும், பாலம் வேண்டும் என்று மனுப்போடும்போது, ஜனங்கள் இவ்வழியே போகிறார்கள் என்று காட்டும் சாட்சியம் கையில் இருப்பது நல்லதுதானே?

பரமதத்தன் கேட்ட கேள்வியில் பிழையில்லை. கேட்ட விதத்தில் சந்தேகம் இருந்தது. மனைவியைச் சோதிக்கப் புகுந்தான், கனி மறைந்தது, அச்சம் பிடித்துக் கப்பலேறி ஊரைவிட்டே போனான். நோட்டைப் பார்த்து எங்கிருந்து வந்தாய் என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அதைக் கொண்டுவந்தவரைப் பார்த்து அதே கேள்வியைச் சந்தேகத்துடன் கேட்கத் தொடங்கினால், ஒருவரையொருவர் நம்பிக் காகிதத்தைப் பணமாக வாங்கிக்கொள்ளும் அந்த நம்பிக்கைக்கே ஊறு நேரும். அதை மட்டும் காரைக்கால் மக்களும் மற்றவர்களும் மறவாதிருக்க வேண்டுகிறோம்.